பத்து மடங்கு கரைத்த சீரம்

ஒரு நோயாளியின் இரத்தச் சீரத்தை மெஷினில் வைத்தபோது, ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பி விடுகிற பிஎஸ்ஏ என்ற புரதம் 100க்கு மேல் என்று மட்டும் காட்டியது. அதற்கு மேல் எங்கள் மெஷின் படிக்காது, பத்து மடங்கு கரைத்துத் திரும்ப வைத்தால்தான் எண் வரும். மட்டக்களப்பில் ஆய்வுகூட வேலைக்கு வந்த புதிது. வழமையாக 4க்குக் கீழே நிற்கிற ஒன்று இப்படி ஏறி நான் கண்டதில்லை.

ஆனால் உறைத்தது வேறொன்று. பழைய பதிவைத் தட்டினால், நாலு மாதத்துக்கு முன்னர் அதே ஆளுக்கு, ஈரலிலும் எலும்பிலும் உண்டாகிற ஏஎல்பி என்ற நொதியம் மட்டும் உயர்ந்திருக்கிறது, ஈரலுக்குரிய மற்றவை எல்லாம் சரி. கையெழுத்து என்னுடையது. நாரி நோவு என்று வந்திருக்கிறார். புரொஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போனால் எண்டோதீலின் போன்ற புரதங்களை விட்டு எலும்பு கட்டுகிற செல்களை உசுப்பும், அவை கண்டபடி கட்டும், ஏஎல்பி ஏறும். ரேங்க்எல் என்ற இன்னொரு புரதம் எலும்பை அரிக்கிற செல்களையும் எழுப்பிவிடும். இதெல்லாம் படித்துப் பாஸானவன்தான். அன்றைக்கு மெஷின் பிழையாக்கும் என்று இரண்டாந்தரம் ஓட்டி, அதே எண் வந்ததும் அச்சடித்து அனுப்பியிருக்கிறேன். டொக்டருக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்.

படுவான்கரைப் பக்கத்து வேளாண்மைக்காரர். ஆண் ஹோர்மோன் சுரக்கிற விரைகளை வெட்டி எடுத்தார்கள், எண் இறங்கியது, ஒரு வருடத்தில் மறுபடி ஏறத் தொடங்கியது. ரிப்போட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றார்.

“கொட்டையை எடுத்தாச்சே மனே, மறுகா ஏன் ஏறுது?”

டொக்டரைக் கேளுங்கள் ஐயா என்றேன். அவர் அசையவில்லை. நல்ல கேள்வி வேறு. ஆண் ஹோர்மோனை நிறுத்தினால் பரவிய நோயும் தணியும் என்று சார்ள்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் பெரும்பாலும் நோய் பிறகு வேறு வழி பார்த்துக்கொள்ளும். ஹோர்மோன் வந்து உட்காருகிற பகுதியே இல்லாத, ஏஆர்-வி7 என்கிற குறை ஏற்பியைச் சில புற்றுச் செல்கள் செய்துகொள்கின்றன. ஏற்பி என்றால் ஹோர்மோனின் உத்தரவை வாங்குகிற புரதம். இந்தக் குறை ஏற்பிக்கு ஒருவருடைய உத்தரவும் வேண்டாம், தானாகச் செல்லின் கருவுக்குள் போய் வேலையைத் தொடங்கும். நான் அளக்கிற பிஎஸ்ஏயும் அந்த வேலையில் உண்டாகிறதுதான்.

இதை எப்படிச் சொல்ல? தண்ணி திறந்துவிடுகிற வட்டவிதானை வராமலே வாய்க்கால் கதவு உக்கித் திறந்து கிடக்கிற மாதிரி ஐயா, என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “உக்கினாப் புதுசு போடலாம். இது ஆரோ கள்ளத் திறப்புப் போட்டு இரவில தண்ணி எடுக்கிறான்.”

அவர் சொன்னதும் பிழையில்லை. கட்டியே தனக்கு வேண்டிய ஹோர்மோனைத் தயாரித்துக்கொள்வதும் உண்டு, அபிராடெரோன் மாத்திரை மறிப்பது அந்தத் தயாரிப்பைத்தான். அதைச் சொல்ல வாயெடுக்குமுன் பஸ்ஸுக்கு நேரமாகுது என்று போய்விட்டார்.

இப்போது வயதான ஆணுக்கு ஏஎல்பி மட்டும் ஏறினால் நான் கோல் எடுக்கிறேன். போன மாதம் ஒரு டொக்டர், இதுக்கெல்லாமா கோல் என்று ஏசினார். சரி, ஏசட்டும்.