படிவம் 22: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிகள் திறந்து இரண்டாம் நாள். ஒவ்வோர் ஆண்டும் இந்த வாரத்தில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு வரும் அழைப்புகள் கூடிவிடும். கோடை விடுமுறை முழுவதும் எவர் கண்ணிலும் படாமல் கிடந்த குழந்தைகள் இப்போதுதான் ஓர் ஆசிரியரின் கண்ணில் படுகிறார்கள். இன்றைய அழைப்பும் ஓர் ஆசிரியையிடமிருந்துதான் வந்தது. அண்ணனுக்கு வயது பதினொன்று, தங்கைக்கு ஆறு. தாய் இல்லை. தகப்பன் குடித்துவிட்டு அடித்த தடம் சிறுவனின் முதுகில் இருந்தது. தங்கையின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஏன் இல்லை என்பதை ஊகிப்பது கடினமன்று.

மூத்த களப்பணியாளர் சென்று அழைத்து வந்தார். இருபத்து நான்கு மணி நேரக் கெடுவுக்கெல்லாம் காத்திராமல் மாலைக்குள்ளேயே குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்திவிட்டார். சிறுவன் ஆண் குழந்தைகள் இல்லத்துக்கும் சிறுமி பெண் குழந்தைகள் இல்லத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பிரியும்போது அவன் அழவில்லையாம். தங்கையின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக் காட்டி, “இவளுக்கு இதைத் திறக்கத் தெரியாது, நீங்கள்தான் திறந்து கொடுக்க வேண்டும்” என்று இல்லக் கண்காணிப்பாளரிடம் சொன்னானாம்.

படிவம் 22-இல் எழுத வேண்டிய சமூக விசாரணை அறிக்கைக்குப் பதினைந்து நாள் கெடு. பணியாளர்களில் இளையவளிடம் அதை ஒப்படைத்திருக்கிறேன்.

(பெயர், ஊர், பள்ளி எதுவும் இங்கே வராது. அடையாளங்களை மாற்றியும் எழுதுகிறேன். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாதென்னும் இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 74-ஐ ஊழியர்களுக்கு நாள்தோறும் நினைவூட்டுகிறவள் தானே அதை மீறக் கூடாது.)

ஜூன் 5, வியாழன்

வேறொரு கோப்பில் இருந்த அறிக்கையைப் படித்துவிட்டு நெடுநேரம் அதை மூடிவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். “வீடு தூய்மையாகவும் நல்ல காற்றோட்டத்துடனும் உள்ளது; குடும்பத்தினர் குழந்தையை அன்புடன் கவனித்துக்கொள்வதாகத் தெரிவித்தனர்.” இதே இரண்டு வரிகள், ஓர் எழுத்தும் மாறாமல், மார்ச் மாதத்தில் வந்த மற்றோர் அறிக்கையிலும் இருக்கின்றன. அந்த மார்ச் மாத வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அதற்குச் சன்னலே கிடையாது.

எழுதியவரைக் கூப்பிட்டு ஏசவில்லை. ஒரு மாவட்டம் முழுமைக்கும் சமூகப் பணியாளர் இருவர், களப்பணியாளர் இருவர் என்பதுதான் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை. ஒரு நாளில் இரு வட்டங்களுக்குப் போய்த் திரும்பிய மனிதர் இரவு பத்து மணிக்குக் கணினியின் முன் உட்கார்ந்தால், பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றத்தான் கை போகும். ஆனால் அந்த அறிக்கையை நம்பித்தான் குழு ஆணையிடுகிறது. குழுவின் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அந்த வாசலில் போய் நின்றவர் இவர் ஒருவர்தான், அவரும் பார்க்காமல் எழுதிவிட்டால் அந்தக் குழந்தையை ஒருவரும் பார்க்கவில்லை என்றே ஆகிறது. இதை அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு, “திங்கட்கிழமை மறுபடியும் போய் வருகிறேன் மேடம்” என்றார்.

இரவில் அந்த வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று கேட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் பணி ஒப்பந்த நீட்டிப்பு ஆணை இன்றும் வரவில்லை.

ஜூன் 7, சனி

வாராந்திர வழக்காய்வுக் கூட்டம். நிலுவை எத்தனை, முடித்தவை எத்தனை என்று தொடங்கினால் எல்லோரும் எண்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ஆகையால், இந்த வாரம் வீட்டுக்குப் போன பிறகும் மனத்தை விட்டு அகலாத குழந்தை எது என்று ஒவ்வொருவரும் முதலில் சொல்ல வேண்டும் என்பதை வழக்கமாக்கியிருக்கிறேன். முன்பெல்லாம் இதற்கு வெகுநேரம் மௌனமாக இருப்பார்கள். இப்போது பேசுகிறார்கள். ஆற்றுப்படுத்துநர்கூடத் தமக்கு யாரும் இப்படி ஒரு கேள்வி போட்டதில்லை என்றார். பிறரை ஆற்றுகிறவருக்கு ஆறுதல் தேவைப்படாது என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள் போலும்.

இளையவள் அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பற்றியே பேசினாள். அவள் அதை நேரில் பார்க்கவில்லை, மூத்தவர் சொல்லக் கேட்டதுதான். ஆனால் தன் கண்ணால் கண்டவள்போலச் சொன்னாள். அது எனக்குச் சற்றுக் கவலையளித்தது.

ஜூன் 9, திங்கள்

இளையவள் அந்த அண்ணன் தங்கையின் ஊருக்குப் போய் வந்தாள். தகப்பன் வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்தார் பேசத் தயங்கினார்கள். தாய்வழிப் பாட்டி பக்கத்து ஊரில் இருக்கிறார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். “என் பிள்ளைகளை என்னிடமே கொடுத்துவிடுங்கள்” என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். பாட்டியிடமே ஒப்படைத்துவிடலாம் மேடம் என்று பேருந்திலிருந்தே தொலைபேசியில் சொன்னாள். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

இரவில் அந்த வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று கேட்டேன். கேட்கவில்லை என்றாள். பாட்டியும் அழுது, இவளும் கண்கலங்கி நின்ற இடத்தில் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டிருப்பாள்? ஆயினும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நாளை மறுநாள் மீண்டும் போகச் சொன்னபோது நெடுநேரம் பதில் வரவில்லை.

ஜூன் 11, புதன்

மீண்டும் போக இயலவில்லை. போக்சோ வழக்கு (குழந்தைகள்மீதான பாலியல் குற்ற வழக்கு) ஒன்றில் ஒரு சிறுமிக்கு உடனிருந்து துணை செய்யும் உதவி நபராகக் குழு இளையவளை நியமித்திருக்கிறது. வாக்குமூலம் இன்றைக்கு என்று திடீரென்று தகவல் வந்தது. சட்டம் சொல்கிறபடியே பெண் உதவி ஆய்வாளர் சீருடை இல்லாமல், குழந்தையின் வீட்டுக்கே வந்து பதிவு செய்திருக்கிறார். எல்லாம் முறைப்படி நடந்தது என்று இளையவள் சொன்னாள். முறைப்படி நடந்தாலும் அந்தச் சொற்களை ஒருவர் கேட்டுத்தானே ஆக வேண்டும். மூன்று மணி நேரம் இவள் கேட்டிருக்கிறாள்.

மாலையில் அலுவலகத்துக்கு வந்தவள் வண்டியை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, “அந்தப் பிள்ளை என்னிடம் சாப்பிட்டீர்களா அக்கா என்று கேட்டாள் மேடம்” என்றாள்.

நாளை விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்தாள். வேண்டுகோளாகச் சொல்லவில்லை, உத்தரவாகத்தான் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான நாள். காலையில் உறுதிமொழி, பிற்பகலில் தொழிலாளர் துறையினருடன் கூட்டாய்வு. களைத்துவிட்டேன், நாளை எழுதுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

எழுத வேண்டியது கூட்டாய்வைப் பற்றியன்று.

இந்தப் பணியில் இருப்பவர்கள் இரண்டு விதமாகக் களைத்துப்போகிறார்கள். ஒரு வகையினருக்கு எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகத் தெரியத் தொடங்கிவிடுகின்றன. அப்போது சன்னலில்லாத வீட்டுக்குக் காற்றோட்டம் வந்துவிடுகிறது. மற்றொரு வகையினருக்கு ஒரே ஒரு குழந்தை மட்டும் கண்ணை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. அதைக் காப்பாற்றிவிட்டால் போதும், மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று மனம் நம்பத் தொடங்குகிறது. முதல் வகையைக் கோப்பைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது வகையினரின் கோப்பு மிக அழகாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் உண்மையான அக்கறை தெரியும், வீட்டின் ஓட்டையையும் பாட்டியின் கைரேகையையும்கூட எழுதியிருப்பார்கள். ஆனால் கேட்க மனம் வராத கேள்வி மட்டும் அங்கே இருக்காது. இளையவள் இப்போது அந்த இடத்தில் நிற்கிறாள் என்று அஞ்சுகிறேன். புதன்கிழமை கேட்டதையெல்லாம் தாங்குவதற்கு, எங்காவது இரண்டு குழந்தைகளாவது நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். இதில் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தத் தேவை அவளுடையது, சிறுவனுடையது அன்று. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அறிக்கையை அவளிடமிருந்து வாங்கி மூத்தவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. கொடுத்தால் அவள் உடைந்துபோவாள், கொடுக்காவிட்டாலோ அறிக்கை பழுதாகலாம். இப்போதைக்கு அவளிடமே இருக்கட்டும்.

ஜூன் 14, சனி

கூட்டத்தில் மோதல். தகப்பன் பாட்டி வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறான், எந்த இரவிலும் குடித்துவிட்டு வந்து நிற்கலாம், ஆகவே இரு குழந்தைகளும் இல்லத்திலேயே இருக்கட்டும் என்கிறார் மூத்தவர். இருபது ஆண்டுகளில் அவர் பார்த்த இரவுகள் அவரை அப்படிப் பேச வைக்கின்றன. அண்ணனையும் தங்கையையும் இரண்டு இல்லங்களில் இரண்டு ஊர்களில் பிரித்து வைப்பது எந்த வகையில் பாதுகாப்பு என்று கேட்கிறாள் இளையவள். நிறுவனப் பராமரிப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவே சொல்கிறதே என்றாள். “சட்டம் ராத்திரியில் வந்து கதவைப் பிடித்துக்கொள்ளாது அம்மா” என்றார் அவர்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மூவருமாகப் போவோம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

உறக்கம் வரவில்லை. சிறுவன் தினமும் மாலையில் தங்கையிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேட்கிறானாம். பேச வைத்திருக்கிறார்களா என்று நாளை கேட்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

மேற்பார்வையாளர் களத்துக்குப் போனால் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: பணியாளரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தானே கேள்வி கேட்கத் தொடங்குவது. அப்படிச் செய்தால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த முறை அவர் ஓர் எடுபிடியாகத்தான் தெரிவார். ஆகவே நான் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே இளையவள் பேசினாள்.

ஒரே அறை. கதவுக்கு உள்தாழ் இல்லை, இரவில் அம்மிக்கல்லை அண்டக்கொடுத்து வைக்கிறார் பாட்டி. சுவரில் இறந்துபோன மகளின் படம். இளையவள் முதலில் ரேஷன் கார்டு, வருமானம், பள்ளி எவ்வளவு தொலைவு என்றெல்லாம் கேட்டாள். பிறகு நீண்ட இடைவெளி. திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் மிகவும் முயல வேண்டியிருந்தது. அப்புறம் கேட்டாள்: “பாட்டி, ராத்திரியில் இந்த வீட்டில் வேறு யாராவது வந்து தங்குவார்களா?”

மகன் வருவான் என்றார் பாட்டி. லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் சில இரவுகள் வந்து படுத்துவிட்டுப் போவான். அதைச் சொல்வதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. தாய்மாமன் வீட்டுக்கு வருவதில் தயங்குவதற்கு என்ன இருக்கிறது? அந்த மனிதரைப் பற்றித் தவறாக நினைக்க எங்களிடம் எந்தக் காரணமும் இல்லை. ஆனால் இப்போது அவர் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அவரையும் பார்த்துப் பேச வேண்டும், குழந்தைகளிடமும் அவரைப் பற்றித் தனித்தனியாகக் கேட்க வேண்டும், சிறுமியை அண்ணன் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அண்ணன் பக்கத்தில் இருந்தால் அவள் வாய் திறப்பதற்கு முன் அவனே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவான்.

தகப்பனையும் பார்த்தோம். காலை பத்தரை மணி, தெளிவாகத்தான் இருந்தான். “நான் அடிக்கவே இல்லை” என்றான். பிறகு, “பெண் பிள்ளையைத் தொட்டதே இல்லை” என்றான். மூத்தவர் அந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

இளையவள் சிறுமியைத் தனியாகச் சந்தித்துவிட்டு வந்தாள். மாமா வந்தால் பிஸ்கட் வாங்கி வருவார் என்றும், தான் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவது வழக்கம் என்றும் சொல்லியிருக்கிறாள். தொலைபேசியில் தாய்மாமனிடம் பேசியாயிற்று. ஞாயிறன்று நேரில் வருகிறார்.

படிவம் 22 இரவு எட்டு மணிக்கு என் மேசைக்கு வந்தது. பாட்டியிடம் ஒப்படைக்கலாம் என்பதே பரிந்துரை, நிபந்தனைகளுடன். கதவுக்குத் தாழ் போட வேண்டும். தகப்பன் அந்த வீட்டுக்கு வரக் கூடாதென்று குழு எழுத்தில் ஆணையிட வேண்டும், காவல் நிலையத்துக்கு அதன் நகல் போக வேண்டும். குடும்ப வருமானம் கிராமப்புற வரம்பான ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருப்பதால் ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு விண்ணப்பம் உடனே போக வேண்டும். குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் என்பது அந்த வீட்டில் பாட்டி வேலைக்குப் போகாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நாட்களைக் குறிக்கும். மூத்தவரின் மாற்றுக் கருத்தையும் அறிக்கையில் ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொன்னேன். இளையவள் மறுப்புச் சொல்லாமல் தன் கையாலேயே அதை எழுதிச் சேர்த்தாள், அவர் சொன்னதைவிடத் தெளிவாகவே எழுதியிருந்தாள். கையெழுத்திட்டேன்.

ஜூன் 18, புதன்

குழு நாளை வரை ஒத்திவைத்துவிட்டது. உறுப்பினர் இருவர் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

தாழ் போட்டாயிற்றா என்று தலைவர் கேட்டார். போட்ட பிறகு, தாய்மாமனையும் சந்தித்த பிறகு, 24-ஆம் தேதி இறுதி ஆணை. அதுவரை வார இறுதியில் இருவரும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். இது நாங்கள் எழுதாதது, குழுவே நினைத்துச் சேர்த்தது. அந்த ஐந்து பேர்மீதும் எனக்குள்ள மதிப்பு இன்று கூடியது.

ஜூன் 20, வெள்ளி

நீட்டிப்பு ஆணை வரவில்லை. சம்பளமும் இல்லை. இளையவள் வேறொரு வேலைக்கு நேர்காணலுக்குப் போக அனுமதி கேட்டாள். ஒரு தனியார் பள்ளியில் ஆலோசகர் பணி, திங்கட்கிழமை நேர்காணல். நான் என்ன சொல்ல முடியும்? போய் வா என்றேன். நல்ல பரிந்துரைக் கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுத்தேன், அதில் ஒரு வார்த்தையும் மிகையில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தாய்மாமன் வந்தார். மூத்தவரும் இளையவளும் சேர்ந்தே பேசினார்கள், நான் இருக்கவில்லை. போகும்போது, தகப்பன் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, 1098-ஐத் தன் தொலைபேசியில் பதிந்துகொண்டாராம். தாழை நேற்றே தாம் வாங்கிப் பொருத்திவிட்டதாகப் படமும் காட்டினாராம். மூத்தவர் தம் பத்தியைத் திருத்த விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். திருத்த வேண்டாம், அதற்குக் கீழே இன்றைய தேதியிட்டுப் புதிதாக எழுதுங்கள் என்றேன். பதினான்காம் தேதி அவர் அஞ்சியது உண்மையான அச்சம், அது கோப்பில் இருக்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

நேர்காணலுக்கு அவள் போகவில்லை. காலை ஏழு மணிக்கு எல்லையோர வட்டத்திலிருந்து ஓர் அழைப்பு. செங்கல் சூளையில் நான்கு குழந்தைகள். யாரும் சொல்லாமலே கிளம்பிவிட்டாள். மூத்தவர் உடன் போயிருக்கிறார். பள்ளி நிர்வாகத்திடம் நானே பேசி வியாழக்கிழமைக்கு நேரம் மாற்றிக் கேட்டிருக்கிறேன். மாலைக்குள் சொல்கிறோம் என்றார்கள்.