வெளிநாட்டு டிவிடி நம்ம வீட்டில் ஓடுமா?

வெளிநாட்டில் வட்டு வாங்கும்போது விலைக்கு முன்னால் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். குட்டி உலக உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும்; வட்டு எந்த மண்டலத்துக்கானது என்பதை அது சொல்லும். அமெரிக்கா 1, பிரிட்டனும் ஜப்பானும் 2, சிங்கப்பூர், மலேசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. உங்கள் பிளேயர் 5-ஐ மட்டும் ஏற்கும் ரகம் என்றால் லண்டன் டிவிடியைப் போட்டதும் மண்டலப் பிழை என்று காட்டி நின்றுவிடும். ‘ஆல்’ என்றிருந்தால் கவலையில்லை.

எண் ஒத்துப்போனாலும் போதாது. டிவி படமுறையும் பொருந்த வேண்டும். அமெரிக்க, ஜப்பான் வட்டுகள் என்டிஎஸ்சி (NTSC) முறை: 480 வரி, நொடிக்குச் சுமார் 30 சட்டகம் (ஃப்ரேம்). இந்தியாவும் ஐரோப்பாவும் பால் (PAL) முறை: 576 வரி, 25 சட்டகம். பழைய குண்டு டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதும் மேலும் கீழும் உருள்வதும் இதனால்தான். எச்டிஎம்ஐ உள்ள டிவியில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

ப்ளூரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் ஏ, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி, இந்தியா சி. 4கே வட்டுக்கு மண்டலம் கிடையாது, ஆனால் அதே பெட்டியில் வரும் சாதா ப்ளூரேவுக்கு இருக்கலாம்.

கணினி டிரைவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம்; கடைசியாக வைத்தது நிரந்தரம். கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிவாவதால் விண்டோஸை அழித்துப் போட்டாலும் பலனில்லை. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் மிச்சம் எத்தனை என்று தெரியும். அடிக்கடி மாற்றுவதைவிட, இரண்டாவதாக ஒரு யுஎஸ்பி டிரைவ் வாங்கி அதை வெளிநாட்டு எண்ணிலேயே விட்டுவிடுங்கள்.