ஹாரோவில் மூன்று ஓட்டு

இங்கிலாந்துக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது ஜனநாயகப் பற்றினால் அல்ல. கடன் மதிப்பெண்ணுக்காக. புதிதாக வந்தவருக்கு இந்த நாட்டில் கடன் வரலாறு கிடையாது. செல்போன் ஒப்பந்தம் போடவும் தயங்குவார்கள், கிரெடிட் கார்டு பற்றிப் பேசவே வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயரும் முகவரியும் இருந்தால் மதிப்பெண் கொஞ்சம் ஏறும் என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். இணையத்தில் விண்ணப்பிக்க சில நிமிடங்களே ஆயின. 2021இல் வந்து சேர்ந்த நானும் அப்படித்தான் லண்டனில் ஹாரோ பரோவின் வாக்காளர் ஆனேன். பரோ என்பது லண்டனில் ஒரு கவுன்சிலின் கீழ் வரும் உள்ளாட்சிப் பகுதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்றைய என் விசா அட்டையில் அரசு உதவித்தொகை எதுவும் பெற முடியாது என்று அச்சிட்டிருந்தார்கள். அதே அட்டையை வைத்துக்கொண்டு ஓட்டு மட்டும் போட முடிந்தது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான அனுமதியோடு இங்கே வசித்தால் எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம் என்பது சட்டம். இந்தியருக்கும் பொருந்தும், இலங்கையருக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ருமேனியர். எனக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்தவர், வரி கட்டுகிறவர், பிள்ளைகளை இங்கேயே படிக்க வைக்கிறவர். அவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் மட்டும்தான் ஓட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று 2016இல் நாடே வாக்களித்தபோது, அந்த முடிவால் வாழ்க்கையே மாறக்கூடிய அவரைக் கேட்கவில்லை. அன்றைக்கு இங்கே குடியிருந்த திருநெல்வேலிக்காரரைக் கேட்டார்கள். பழைய சாம்ராஜ்யம் விட்டுச்சென்ற மிச்சங்களில் நமக்கு ஆதாயமாக முடிந்தது அபூர்வமாக இது ஒன்று. வேண்டாம் என்று சொல்ல நான் அவ்வளவு பெரிய மனிதன் இல்லை.

2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பாளையங்கோட்டையில் அம்மா மின்னணு இயந்திரத்தில் பொத்தானை அழுத்திவிட்டு வந்து, கவுன்சிலர் என்றொருவர் இருப்பார் என்பதே மறந்து போயிருந்தது என்று போனில் சொன்னார். திருநெல்வேலி மாநகராட்சிக்கு 55 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர். மே 5ஆம் தேதி ஹாரோவில் தேர்தல். இங்கும் 55 இடங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் ஊர்கள் ஒன்றல்ல. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியில் சுமார் 4.7 லட்சம் பேர். ஹாரோவில் 2021இல் 2.6 லட்சம் பேர்தான். இங்கே வார்டுக்கு ஒருவர் என்ற கணக்கும் இல்லை. சில வார்டுகளுக்கு இரண்டு கவுன்சிலர்கள், சிலவற்றுக்கு மூன்று. எங்கள் வார்டுக்கு மூன்று. அதாவது ஒரே ஆளுக்கு மூன்று ஓட்டு; மூன்றையும் ஒரே கட்சிக்குப் போடலாம், பிரித்தும் போடலாம், இரண்டோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம்.

தேர்தல் நடக்கப்போகிறது என்பதே தெருவில் தெரியவில்லை. சுவர் விளம்பரம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கதவுக்குள் துண்டறிக்கைகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. அவற்றைக் கவனமாகப் படித்தேன். கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள் கடைத்தெருக்களில் முதல் ஒரு மணி நேரம் பார்க்கிங் இலவசம் என்றார்கள். உயரமான அடுக்குமாடிகளை எதிர்ப்போம் என்றார்கள். லண்டனிலேயே அதிக கவுன்சில் வரி வசூலிக்கும் பரோக்களில் ஹாரோவும் ஒன்று என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார்கள். 2014இலிருந்து கவுன்சிலை நடத்திவந்த லேபர் கட்சி, மத்திய அரசு நிதியை வெட்டியதால் வந்த நெருக்கடி இது என்றது. இரண்டு பக்கமும் சொன்னதில் உண்மை இருந்தது. காவல்துறை, மருத்துவமனை, ரயில் மூன்றும் பரோவின் கையில் இல்லை. குப்பை, நூலகம், முதியோர் பராமரிப்பு, வீட்டுக்குப் பின்னால் அறை கட்ட அனுமதி, காரை எங்கே நிறுத்துவது, இவைதான் பரோ. முதியோர் பராமரிப்புக்கே பணத்தில் கணிசமான பங்கு போய்விடுகிறது. ஆனால் யாரும் குப்பைத்தொட்டியைப் பற்றிக் கோபப்படுவதுபோல் அதைப் பற்றிப் பேசுவதில்லை, தங்கள் வீட்டு முதியவருக்கு அது தேவைப்படும் நாள் வரை.

நான் மளிகை வாங்கும் கடை தெற்கு ஹாரோவில் இருக்கிறது. கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். ஓட்டுப் போடுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. "தம்பி, ஒரு ஓட்டு இந்தக் கட்சியில் நிற்கும் தமிழருக்கு. இரண்டாவது, மற்றக் கட்சியில் தமிழர் நின்றால் அவருக்கு. மூன்றாவது, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியவருக்கு" என்றார். கட்சி எதுவாக இருந்தாலுமா என்று கேட்டேன். "கவுன்சிலருக்கு எதற்குத் தம்பி வெளிநாட்டுக் கொள்கை?" என்று திருப்பிக் கேட்டார். கட்சிச் சின்னத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத பழக்கத்தில் வளர்ந்த எனக்கு அது முதலில் கொஞ்சம் உறுத்தியது. யோசித்துப் பார்த்தால் மூன்று ஓட்டு இருக்கிற இடத்தில் அவர் வழி ஒன்றும் மோசமில்லை.

சின்னங்கள் இங்கும் உண்டு. கன்சர்வேட்டிவுக்கு மரம், லேபருக்கு ரோஜா, லிபரல் டெமாக்ரட்டுக்குப் பறவை. ஆனால் கண்ணை இழுப்பது பெயர்தான். வேட்பாளர்களைக் குடும்பப் பெயரின் அகரவரிசையில் அச்சிடுகிறார்கள். குடும்பப் பெயரே இல்லாத நம் ஊர்க்காரர்களுக்கு அப்பாவின் பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூவரை நிறுத்தும் கட்சியில், சீட்டின் மேற்பகுதியில் பெயர் வரும் ஆளுக்கு மற்ற இருவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழுவது வழக்கம் என்று இங்கே தேர்தலைக் கவனிப்பவர்கள் சொல்கிறார்கள். அப்பாவின் பெயர் அருணாசலமாக இருந்தால் பாதி வெற்றி.

வாக்குச்சாவடி காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை திறந்திருந்தது. வேலை முடிந்து போனேன். காவலர் யாரும் இல்லை. வாசலில் கட்சி நிறத்தில் துணிப்பூ குத்திய பெண்மணி ஒருவர் வாக்காளர் எண்ணைக் கேட்டார். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தங்கள் ஆட்கள் யார் இன்னும் வரவில்லை என்று கணக்குப் பார்க்கக் கட்சிகள் செய்யும் ஏற்பாடு அது. உள்ளே பெயரையும் முகவரியையும் சொன்னேன். பட்டியலில் என் பெயர் மீது ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார்கள். அடையாள அட்டை கேட்கவில்லை, விரலில் மை வைக்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பிச் சீட்டைக் கையில் கொடுத்த அந்த எளிமை எனக்குப் பிடித்திருந்தது. கள்ள ஓட்டுக் கதைகள் கேட்டு வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் பதறவும் செய்தது. நூலில் கட்டிய பென்சிலால் மூன்று பெருக்கல் குறி போட்டேன். யாருக்கு என்று கடைக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தொலைக்காட்சியில் லண்டன் கதை ஒரே திசையில் ஓடியது. பிரதமர் இல்லத்தில் ஊரடங்குக் காலத்தில் நடந்த விருந்துகளால் கன்சர்வேட்டிவ் பிரதமர் போரிஸ் ஜான்சன் பெயர் கெட்டிருந்த சமயம். 1978 முதல் கன்சர்வேட்டிவ் வசம் இருந்த வான்ட்ஸ்வொர்த் பரோ லேபரிடம் போனது. 1964இல் தேர்தல் தொடங்கியதிலிருந்து அவர்கள் ஒருபோதும் இழக்காத வெஸ்ட்மின்ஸ்டரும் போனது. எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பார்னட்டில் லேபர் 41, கன்சர்வேட்டிவ் 22. பிறகு ஹாரோ முடிவு வந்தது: கன்சர்வேட்டிவ் 31, லேபர் 24. 2018இல் மொத்தம் 63 இடங்கள் இருந்தபோது லேபருக்கு 35, கன்சர்வேட்டிவுக்கு 28. ஊரெல்லாம் ஒரு பக்கம் சாய, ஹாரோ மறுபக்கம் சாய்ந்திருந்தது.

அலுவலகத்தில் திங்கட்கிழமை ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2019இல் லேபர் மாநாடு காஷ்மீர் குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தில் குஜராத்திகள் பலர் கசந்துபோயிருந்தார்கள் என்றார் ஒருவர். வரிதான் காரணம் என்றார் இன்னொருவர். இரண்டுமே இருக்கலாம். ஆனால் 'இந்திய ஓட்டு' என்று தொலைக்காட்சியில் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசியபோது எரிச்சலாக இருந்தது. ஹாரோவின் கென்டன் பகுதியில் வீடு வாங்கி முப்பது ஆண்டு ஆன குஜராத்தியும், வாடகை அறையில் இருக்கும் நானும், அகதியாக வந்து கடை வைத்த யாழ்ப்பாணத்தவரும் எந்த விதத்தில் ஒரே ஓட்டு? பரோவுக்குள்ளேயே கிழக்குத் தொகுதிக்கு 2010 முதல் கன்சர்வேட்டிவ் எம்.பி. பாப் பிளாக்மன், மேற்குத் தொகுதிக்கு 1997 முதல் லேபர் எம்.பி. கேரத் தாமஸ். 2024 பொதுத்தேர்தலில் நாடெங்கும் கன்சர்வேட்டிவ் சரிந்தபோதும் இருவருமே வென்றார்கள். கன்சர்வேட்டிவ் கட்சி பாதிக்கு மேல் வாக்கு வாங்கிய ஒரே தொகுதி நாட்டிலேயே ஹாரோ கிழக்குதான்.

புதிய கவுன்சில் சொன்னபடி ஒரு மணி நேர இலவசப் பார்க்கிங்கைக் கொண்டுவந்தது. கடைக்காரருக்கு அதில் திருப்தி, ஒரு மணி நேரம் போதாது என்ற குறையும் உண்டு. கவுன்சில் வரி மட்டும் 2023இல் வாக்கெடுப்பு இல்லாமல் உயர்த்த அனுமதிக்கப்பட்ட ஐந்து சதவீத வரம்பை ஒட்டியே ஏறியது. அந்த வரம்பு மத்திய அரசு முடிவு செய்வது. பெரும்பாலான கவுன்சில்கள், எந்தக் கட்சி ஆண்டாலும், அதை முட்டித்தான் நின்றன.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒன்று. 2023 மே மாதம் முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளம் இல்லாமல் போக முடியாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுகள் செல்லும். அலுவலக அட்டையும் மாணவர் அட்டையும் செல்லாது. பெயர் சேர்க்கக் கடைசி நாள் தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலை நாட்கள் முன்பு. கடன் மதிப்பெண்ணுக்காக ஏற்கெனவே சேர்த்திருந்தாலும், வீடு மாறியிருந்தால் புதிய முகவரியில் மறுபடியும் சேர்க்க வேண்டும்.