துண்டு: இலங்கைத் தோட்டங்களில் ஆளைக் கட்டிப்போட்ட காகிதம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் போனவர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களுக்கு அப்படி ஒப்பந்தம் கிடையாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அவர்கள் மாதச் சம்பள ஆட்கள். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் கிளம்பிவிடலாம். இதை வைத்துத்தான் அவர்களைச் 'சுதந்திரத் தொழிலாளர்' என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆளை விடுவிக்கத் துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' என்ற சீட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அப்படி எழுத மனம் வராது.

கடன் ஊரிலேயே தொடங்கிவிடும். தோட்டத்துரை, அதாவது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரர், ஆள் பிடித்து வந்து மேய்க்கும் பெரியகங்காணியிடம் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்க அனுப்புவார். கங்காணி தன் ஊருக்கும் சொந்தபந்தம் இருக்கும் ஊர்களுக்கும் போய், பஞ்சத்தில் நொந்தவர்களின் பழைய கடனை அடைப்பார், வழிச்செலவுக்குக் கொடுப்பார். அவ்வளவும் அந்த ஆளின் பேரில் பற்று. எழுதுவது கங்காணி, கணக்கு வைப்பதும் கங்காணி. வாங்கியவருக்குப் பெரும்பாலும் எழுத்து தெரியாது. பிறகு தோட்டத்து அரிசியும் கம்பளியும் சம்பளத்தில் பிடிக்கப்படும், கல்யாணம், சாவு, தீபாவளி என்று கடன் மேலும் ஏறும்.

இனி துண்டு. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் துரையிடம் துண்டு கேட்க வேண்டும். இந்தத் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்படும் துரை தொகையைக் கட்டி மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்வார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூட்டத்தில் 30 பேர், தலைக்கு 40 ரூபாய் கடன் என்றால் துண்டில் 1,200 ரூபாய். ஆள் தட்டுப்பாட்டில் இருக்கும் புதுத் துரை, கங்காணியை இழுக்க 1,500 கொடுக்கிறார். கூடுதல் 300 கங்காணி கைக்குப் போகிறது, ஆனால் அடுத்த துண்டு 1,500க்குத்தான் எழுதப்படும். தோட்டம் மாறினாலே கடன் கூடும். நாளுக்கு 33 சதம் வாங்குகிறவர் மாதம் 25 நாள் விடாமல் பேர் போட்டாலும், அதாவது முழுநாள் வேலை பதிந்தாலும், 8 ரூபாய் 25 சதம்தான், அதிலும் அரிசிக்காசு போய்விடும். கொழுந்து நிறுவையில் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இந்தக் கடன் எப்படி அடையும்?

துண்டு இல்லாமல் தனியாகக் கிளம்பினால் அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் போனால் அதே 1865 சட்டத்தில் சிறை. ஒருவர் ஓடிப்போனால் அவர் கடனுக்குக் கங்காணி துரையிடம் பதில் சொல்ல வேண்டும், கங்காணி அதைத் தோட்டத்தில் தங்கிவிட்ட உறவினர் தலையில் ஏற்றுவார். அண்ணன் ஓடினால் தம்பி கட்டுவான், புருஷன் செத்தால் பெண்சாதி கட்டுவாள். ஒரே ஊர், ஒரே சாதிக்காரர் கங்காணியாக இருந்ததை 'பாதுகாப்பு' என்று சொல்வார்கள். என் பார்வையில் அந்த உறவுதான் பூட்டு: துரையை எதிர்த்து ஓடுவதைவிடத் தாய்மாமனைக் கடனில் விட்டு ஓடுவது கடினம்.

கங்காணிக்கோ, வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் தினமும் தலைக்காசு. காய்ச்சலில் கிடப்பவரையும் விடியலில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழுப்பிக் கொண்டுவந்ததன் காரணம் அதுதான்.

1921இல் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. வேலையை விட்டுப் போனால் சிறை என்பதும் அதோடு போனது. பிறகு கையில் வந்தது பத்துச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து விலக்கும் சீட்டு. துண்டில் ஆளைப் போகவிடாமல் வைத்திருந்த துரைமார், தட்டிக்கேட்ட ஆளுக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்து லயத்துக் காம்பராவை, அதாவது தோட்டம் கொடுத்த வரிசைவீட்டு அறையை, காலி செய்யச் சொன்னார்கள்.