ஹெட் கேஸ்கெட் மேல பழி போடாதீங்க

ட்யூன் பண்ண டர்போ வண்டில ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் ப்ளாக்குக்கும் மேல உக்கார்ற சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவுல கேஸும் தண்ணியும் கசியாம அடைக்கற தகடு, போச்சுன்னு யாராவது சொன்னா போதும், உடனே நாலு பேர் வந்து "நல்ல மெட்டல் கேஸ்கெட் வாங்கு, ஏஆர்பி ஸ்டட் போடு, முடிஞ்சது ஜோலி"ன்னு சொல்லிட்டு போயிடறாங்க. ஏஆர்பிங்கறது ஒரு கம்பெனி, ஸ்டட்டுங்கறது ஸ்டாக் ஹெட் போல்ட்டுக்கு பதிலா போடற கெட்டியான மரைக் கம்பி. கேஸ்கெட், ஸ்டட் ரெண்டும் நல்ல சாமான்தான், அதுல சண்டை இல்ல. ஆனா அது ஏன் போச்சுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நான் பாத்த வரைக்கும் கேஸ்கெட் தானா சாகறது ரொம்ப கம்மி. ஒண்ணு, அதை அமுக்கிப் பிடிக்க வேண்டிய போல்ட்டு சரியா பிடிச்சிருக்காது, இல்லன்னா நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை ஒழுங்கா எரியாம திடீர்னு தானா வெடிக்கறது, வந்து அடி அடின்னு அடிச்சிருக்கும்.

போல்ட்டு விஷயத்துக்கு டொயோட்டா 7எம்-ஜிடிஇ-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. 80கள் கடைசில வந்த ஏ70 சுப்ரா கார்ல இருந்த இன்ஜின். மூணு லிட்டர், நேரா ஆறு சிலிண்டர், இரும்பு ப்ளாக், அலுமினிய ஹெட், ஒரு சிடி26 டர்போ, சுமார் 230 குதிரை. இதுக்கு அடுத்த சுப்ரால வந்த 2ஜேஇசட்-ஐ இன்னைக்கும் தலைல தூக்கி வெச்சு ஆடறோம், 7எம்-னு சொன்னா மட்டும் "ஐயோ ஹெட் கேஸ்கெட்"னு மூஞ்சியை சுளிக்கறோம். இத்தனைக்கும் ப்ளாக் நல்ல கெட்டி ப்ளாக். பிரச்சனை என்னன்னா கம்பெனி ஹெட் போல்ட்டுக்கு கொடுத்த டார்க், அதாவது போல்ட்டை முறுக்கற அளவு, 58 அடி பவுண்டு, அதாவது 78 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான். கேஸ்கெட்டை ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத மெட்டீரியலுக்கு மாத்தினப்போ டார்க் நம்பரை பழசாவே விட்டுட்டாங்கன்னு சுப்ரா ஆளுங்க காலங்காலமா சொல்ற கதை. காரணம் எதுவா வேணா இருக்கட்டும், யாருமே கை வைக்காத, ஸ்டாக் பூஸ்ட்ல, அதாவது டர்போ தள்ளற காத்து அழுத்தத்தை கம்பெனி வெச்ச அளவுலயே விட்டு, ஆபீஸ் போய்ட்டு வந்த வண்டிலயே கேஸ்கெட் போச்சு. ஓனருங்களே டார்க் ரெஞ்ச்சை எடுத்து 72 அடி பவுண்டு பக்கம் டைட் வெச்சு ஓட்ட ஆரம்பிச்சாங்க. அதே ப்ளாக்கு, அதே ஹெட்டு, ரெண்டும் ஒட்டற பேஸையும் ஒழுங்கா மிஷின் பண்ணி எம்எல்எஸ் கேஸ்கெட்டும் (பல ஸ்டீல் தகடு அடுக்கினது) ஸ்டட்டும் போட்டா ஸ்டாக்கை விட ரெண்டு மடங்கு பவர்ல ஓடுது. அப்போ குத்தம் யார் மேல?

கொஞ்சம் கணக்கு போட்டா இது நல்லா புரியும். அந்த இன்ஜின் போர், அதாவது சிலிண்டர் விட்டம், 83 மில்லி, ஏரியா 54 சதுர சென்டிமீட்டர் வரும். எரியற நேரத்துல உள்ள 100 பார் ப்ரஷர்னு வெச்சுக்குவோம், ட்யூன் பண்ண டர்போக்கு அது ஒண்ணும் பெரிய நம்பர் இல்ல, அப்போ ஒரே ஒரு சிலிண்டர் ஹெட்டை மேல தூக்கற விசை அஞ்சரை டன். 6000 ஆர்பிஎம்ல இது ஒரு சிலிண்டர்லயே செகண்டுக்கு 50 தடவை நடக்குது. மொத்த ஆறு சிலிண்டருக்கும் பிடிச்சுட்டு இருக்கறது 14 போல்ட்டு. போல்ட்டோட பிடிப்பு அந்த தூக்கற விசையை விட எப்பவும் நல்லா அதிகமா இருக்கணும். பூஸ்ட் ஏத்த ஏத்த அந்த மிச்சம் குறைஞ்சுட்டே வரும், ஒரு கட்டத்துல ஹெட்டு மயிரிழை அளவுக்கு தூக்கும், எரிஞ்ச கேஸ் கூலண்ட் ஓடற வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ள போகும், ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் ஹெட்டு மறுபடி உக்காந்துக்கும்.

இதுல கடுப்பு என்னன்னா, ஐடில்ல விட்டு பாத்தா ஒண்ணுமே தெரியாது. வெள்ளைப் புகை இல்ல, ஆயில் மூடில பால் இல்ல, கம்ப்ரஷன் போட்டா எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி காட்டும். ஆனா ஃபுல் பூஸ்ட்ல நாலு இழுப்பு இழுத்துட்டு வந்து பானெட்டை தூக்குங்க, ஓவர்ஃப்ளோ பாட்டில்ல கூலண்ட் மேல வந்திருக்கும், மேல் ஹோஸ் கல்லு மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்க ஆறின வண்டில காலைல அந்த ஹோஸை அமுக்கி பாக்கறப்போ இன்னும் டைட்டா இருந்துச்சுன்னா சந்தேகமே வேண்டாம். ஊர்ல பாதி பேர் இந்த ஸ்டேஜ்ல ரேடியேட்டர் மூடியை மாத்தி, தெர்மோஸ்டாட்டை மாத்தி, வாட்டர் பம்ப்பையும் மாத்திட்டுதான் ஹெட்டுக்கு வர்றாங்க. ரேடியேட்டர் வாய்ல வெச்சு உறிஞ்சற ப்ளாக் டெஸ்டர் ஒண்ணு இருக்கு, உள்ள நீல கலர் திரவம், எரிஞ்ச கேஸ் பட்டா மஞ்சளா மாறும். விலை ஒண்ணும் பெருசில்ல. அதையும் ஐடில்ல வெச்சு பாக்காதீங்க, நல்லா ஓட்டிட்டு வந்து சூடு கொஞ்சம் அடங்கினதும், கையை பத்திரமா வெச்சுட்டு பாருங்க.

சரி, நாக்கிங். கொஞ்ச நாள் முன்னாடி ஃப்ரெண்டு ஒருத்தன் பட்டறைல ரீமேப் பண்ண (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கான மேப்பை மாத்தின) டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒண்ணு ஹெட்டு கழட்டி கிடந்துச்சு. கேஸ்கெட்டை வெளிச்சத்துல பிடிச்சு பாத்தேன். ரெண்டாவது சிலிண்டரை சுத்தி கேஸ்கெட்ல இருக்கற அடைப்பு வளையம், அதான் ஃபயர் ரிங், ஒரு இடத்துல சப்பையா நசுங்கி, அங்கிருந்து தண்ணி ஓட்டை வரைக்கும் கருப்பா ஒரு கோடு, பென்சில்ல இழுத்த மாதிரி. பிஸ்டன் மேல டார்ச் அடிச்சா ஓரத்துல மணல் தூவின மாதிரி பொடிப்பொடியா குழி. ஹெட்டுல வளைவு இல்ல, மத்த சிலிண்டர் பக்கமெல்லாம் கேஸ்கெட் புதுசு மாதிரி இருக்கு. அப்படின்னா இது கேஸ்கெட் வீக்குன்னு போனதில்ல. அந்த ஒரு சிலிண்டர்ல நாக் வந்திருக்கு, சாதாரண எரிப்புல வர்ற ப்ரஷரை விட எக்கச்சக்கமான அடி, அதுவும் சுத்தியல் அடி மாதிரி திடீர்னு. வண்டி ஓனர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதை விட ஸ்ட்ராங்கா கேஸ்கெட் இல்லையா அண்ணே?" இருக்கு தம்பி, காப்பர் கேஸ்கெட் இருக்கு, ப்ளாக்ல பள்ளம் வெட்டி ஓ-ரிங் போடலாம், எல்லாம் இருக்கு. ஆனா அதை போட்டுட்டு அதே மேப்புல ஓட்டினா அடுத்து உடையறது பிஸ்டனோட ரிங் லேண்ட், அதாவது ரிங் உக்கார்ற பள்ளங்களுக்கு நடுவுல இருக்கற வரம்பு. கேஸ்கெட்டுன்னா ஹெட்டு இறக்கி ஏத்தற வேலை, பிஸ்டன்னா இன்ஜினையே இறக்கணும். அந்த வகைல முதல்ல கேஸ்கெட் போனது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன், அந்த ஓனருக்கு கோவம் வந்துச்சு, பரவாயில்ல.

இன்னொண்ணு, டைனோ ஷீட்ல, அதாவது வண்டி பவரை அளந்து எடுத்த சீட்டுல, எல்லாரும் மேல இருக்கற குதிரை நம்பரைத்தான் பாக்கறாங்க. சிலிண்டருக்குள்ள ப்ரஷர் உச்சத்துக்கு போறது இன்ஜின் டார்க் (போல்ட்டு டார்க் இல்ல, இன்ஜின் சுத்தற முறுக்கு விசை) உச்சத்துக்கு போற இடத்துல, பவர் உச்சத்துல இல்ல. சின்ன டர்போவை 2000 ஆர்பிஎம்லயே முழு பூஸ்ட்டுக்கு தள்ளி "செம பஞ்ச்"னு கொடுக்கற மேப்புதான் கேஸ்கெட்டுக்கும் கனெக்டிங் ராடுக்கும் எமன். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்ல அந்த ரேஞ்சுல ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே தானா பத்திக்கற வியாதி வேற இருக்கு. அதே வண்டில டார்க்கை 3000 தாண்டி மெதுவா ஏறவிட்டு மேல கூடுதல் பவர் எடுத்தா இன்ஜின் நிம்மதியா இருக்கும். ஓட்டறதுக்கு அந்த கிக்கு இருக்காது, உண்மைதான். பெட்ரோலும் பாருங்க, 95 அல்லது 100 ஆக்டேனுக்கு எழுதின மேப்பை வெச்சுட்டு ஹைவேல கிடைச்ச பங்க்ல அதை விட கம்மி ஆக்டேன் போட்டு சித்திரை வெயில்ல மேட்டுல மிதிச்சா நாக் சென்சார் எவ்வளவுதான் டைமிங்கை பின்னாடி இழுக்கும்?

கேஸ்கெட்டே தப்பா இருந்த கேஸும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மூணாவது தலைமுறை ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ், 2.3 ஈகோபூஸ்ட், 350 பிஎஸ். 2016, 2017 வண்டிங்கள்ல காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை, கூலண்ட் குறையுது. மஸ்டாங்கோட 2.3-க்கு செஞ்ச கேஸ்கெட் இதுல ஏறிடுச்சு, தண்ணி ஓட்டைங்க ரெண்டுக்கும் ஒண்ணா இல்ல. கடைசில கம்பெனியே கூப்பிட்டு செலவில்லாம மாத்திக் கொடுத்துச்சு. ட்யூனே பண்ணாத வண்டி, பாருங்க.

இப்போ பட்டறை வேலை. எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இடம் இதுதான். எம்எல்எஸ் கேஸ்கெட்டுங்கறது மெல்லிசான ஸ்டீல் தகடு அடுக்கு, அது உக்கார பேஸ் கண்ணாடி கணக்கா இருக்கணும், சொரசொரப்பு 50 மைக்ரோ இன்ச் ஆர்ஏ-க்கு உள்ள. நம்ம ஆளுங்க பழைய பேக்கிங்கை எடுக்க ட்ரில்லுல எமரி டிஸ்க்கை மாட்டி அலுமினியத்தை தேய்க்கறாங்க. பளபளன்னுதான் இருக்கும், ஸ்ட்ரெய்ட் எட்ஜை வெச்சு இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜை விட்டா அங்கங்க பள்ளம், தேய்ச்ச தூள் ஆயில் வழியா பேரிங்குக்கு போகும். ஹெட்டு வளைவு 0.05 மில்லிக்கு மேல இருந்தாலே லேத்துக்கு அனுப்பிடுங்க, "போல்ட்டு டைட் வெச்சா படிஞ்சுடும்"னு சொல்றவர்கிட்ட வண்டியை விடாதீங்க. ப்ளாக் பேஸையும் பாக்கணும், அதை யாரும் பாக்கறதில்ல.

போல்ட்டு ஓட்டைக்குள்ள தேங்கி நிக்கற கூலண்டையும் ஆயிலையும் ஏர் அடிச்சு எடுக்காம போல்ட்டை இறக்கினா கீழ திரவம் முட்டிக்கும், ரெஞ்ச் "டிக்"னு அடிக்கும், ஹெட்டு மேல பிடிப்பு வந்திருக்காது, விதி சரியில்லன்னா ப்ளாக்கே விரியும். நாம போடற டார்க்ல முக்கால்வாசிக்கு மேல உராய்வுக்கே போயிடுது, பத்துல ஒரு பங்குதான் பிடிப்பா மாறுது. அதனாலதான் ஏஆர்பி அவங்க க்ரீஸுக்கு ஒரு நம்பர் கொடுக்கறாங்க, அந்த நம்பருக்கு சாதா இன்ஜின் ஆயில் போட்டு டைட் வெச்சா பிடிப்பு கம்மியாத்தான் வரும். ஆங்கிள் வெச்சு திருப்பற ஸ்டாக் போல்ட்டு ஒரு தடவை இழுபட்டா இழுபட்டதுதான், அதை திரும்பப் போட்டு காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கடைசியா நிறைய பேர் கேக்கற கேள்வி: ஹெட்டை இறக்காமலே ஒவ்வொரு போல்ட்டா கழட்டி ஸ்டட் மாத்தலாமா? கேஸ்கெட் இன்னும் நல்லா இருக்கற, இனிமேல்தான் பூஸ்ட் ஏத்தப் போற வண்டின்னா பண்றாங்க, நல்லாவும் ஓடுது. இன்ஜின் சுத்தமா ஆறியிருக்கணும், டைட் வெக்கற வரிசைலயே ஒண்ணு கழட்டி ஒண்ணு போடணும், ஸ்டட்டை ப்ளாக்ல கையால மட்டும் இறக்கணும். ஆனா ஓட்டையை சுத்தம் பண்ண வழி சரியா இருக்காது, பேஸ் எப்படி இருக்குன்னும் தெரியாது. ஏற்கனவே பாட்டில்ல கூலண்ட் தள்ளற வண்டில இந்த வேலையை பண்ணாதீங்க, அதுக்கு ஹெட்டு இறங்கியே ஆகணும்.