கண்ணில் விழுந்த பூ

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரிப்பது என் வேலை. மாற்று அறுவை முடிந்ததும், நோயாளியிடமிருந்து எடுத்த கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிப் படலமான கார்னியா, ஃபார்மலின் புட்டியில் எங்களிடம் வரும். எட்டு மில்லிமீட்டர் அளவுள்ள சின்ன வட்டம். 'பட்டன்' என்போம்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பட்டனை என்னால் மறக்க முடியவில்லை. 22 வயது. பள்ளிக்கூட நாளிலேயே பார்வை மங்கத் தொடங்கி, கண்ணில் பூ விழுந்ததென்று நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எல்லாம் விட்டிருக்கிறார்கள். அல்சியன் புளூ சாயத்தில் அரை மணி நேரம் வைத்து எடுத்துப் பார்த்தேன். அடுக்குக்கு அடுக்கு நீலத் திட்டுகள். செல்களின் வயிற்றுக்குள்ளும் நீலம்.

வெளியிலிருந்து விழுந்த அழுக்கில்லை அது. கருவிழியின் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் கொலாஜன் இழைகள் தறியில் ஓட்டிய பாவு மாதிரி சீரான இடைவெளியில் இருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. அந்த ஒழுங்கைக் காப்பதில் கெரட்டான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிக்குப் பங்குண்டு. சங்கிலியில் சல்ஃபேட்டைக் கோர்க்க ஒரு நொதி வேண்டும். அதற்கான மரபணு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 2000இல் கண்டுபிடித்தார்கள். தாய் வழி, தந்தை வழி இரண்டு பிரதியும் பழுதானால் சங்கிலி அரைகுறையாக நின்று, கரையாமல் அங்கேயே தேங்கிவிடும். கண் தன் தேவைக்குச் செய்யத் தொடங்கி முடிக்காமல் விட்ட பொருள்தான் அந்தப் பூ. எந்தச் சாறும் அதைக் கழுவாது.

எல்லாப் படிவும் இப்படியல்ல. சிலருக்குப் படிவது அமிலாய்டு புரதம். காங்கோ ரெட் சாயம் போட்டு, ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் (போலரைஸ்டு லைட்) பார்த்தால் ஆப்பிள் பச்சையாக மின்னும். அதற்குப் பெரும்பாலும் ஒரு பிரதி பழுதானாலே போதும்.

ரிப்போர்ட் வாங்க அந்தப் பெண்ணின் அம்மா ஜன்னலுக்கு வந்தார்.

"ஏந்தாயி, அந்தப் பூவ நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எனக்கும் அவுகளுக்கும் ஒண்ணுமில்லையே. எங்க மாமா மகனத்தான் கட்டுனேன். இவளயும் என் தம்பிக்கே பேசி வச்சிருக்கு."

எனக்குத் திக்கென்றது. அம்மாவிடம் ஒரு பழுதுப் பிரதி கட்டாயம் இருக்கும். தம்பியிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்துவிட்டால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். ஆனால் இதைச் சொல்லாமல் அனுப்பவும் முடியாது. ஜன்னலில் நின்று சொல்லும் சேதியுமில்லை.

"தம்பியையும் கூட்டிக்கிட்டு டாக்டரைப் பாருங்கம்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்துருங்க" என்று, மரபணு ஆலோசனை அறைக்கு நானே கூட்டிப் போனேன்.

அடுத்த வருடம் அவளுடைய இடக்கண் பட்டன் வந்தது. படிவத்தில் பார்த்தேன், திருமணம் ஆகவில்லை என்றிருந்தது. அந்த ஸ்லைடும் நீலமாகவே வந்தது.