அன்சார்ட்டட்: வரிசையாக மீண்டும் ஆடியபோது

2007இல் வெளிவந்த 'டிரேக்ஸ் ஃபார்ச்சூன்' தொடங்கி 2017இல் வந்த 'தி லாஸ்ட் லெகஸி' வரை, நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கிய அன்சார்ட்டட் என்ற புதையல் வேட்டை வீடியோ ஆட்டங்கள் ஐந்தையும் வெளியான வரிசையிலேயே மறுபடியும் ஆடி முடித்திருக்கிறேன். இந்த ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'படம் பார்த்தது போல இருக்கிறது' என்பதே முதல் பாராட்டாக வருகிறது. ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக ஆடும்போது என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று: திரைப்படத்தின் பிரமாண்டத்தைக் காட்டும் அந்தக் கணத்தில் ஆடுபவருக்கு எவ்வளவு அதிகாரத்தை விட்டுவைப்பது என்ற கேள்விக்கு, ஒவ்வொரு பாகமும் முந்தைய பாகத்தைவிட வேறொரு விடையைச் சொல்லிப் பார்த்திருக்கிறது.

முதல் பாகத்தில் அந்தக் கேள்வியே இன்னும் தெளிவாக எழவில்லை. கதை கட்சீன்களில், அதாவது நாம் ஆடாமல் வெறுமனே பார்க்கும் காட்சித் துண்டுகளில், நடக்கிறது. நம் பங்குக்குச் சுவரேறுவதும் சுடுவதும் மட்டுமே மிஞ்சுகின்றன. எதிரிகள் தோட்டாக்களைச் சலிக்காமல் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு கூட்டம் விழுந்ததும் அடுத்த கூட்டம் வந்துவிடுகிறது. பிளேஸ்டேஷன் 3இன் கன்ட்ரோலரைச் சாய்த்து கையெறிகுண்டின் தூரத்தைக் கணிப்பது, மரத்தின் மேல் நடக்கையில் அதே கன்ட்ரோலரைச் சாய்த்துச் சமநிலை காப்பது ஆகியவை புதிய கருவியைக் காட்டிக்கொள்ளச் சேர்த்தவையாகவே தெரிகின்றன. ஆயினும் காட்டின் நடுவே, அருவியின் விளிம்பில் சிக்கிக் கிடக்கும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலைக் காணும் இடம் இன்றும் வியக்க வைக்கிறது.

2009இல் வந்த 'அமங் தீவ்ஸ்' வேறு உயரம். நேபாளத்தில் ஒரு கட்டடம் ஹெலிகாப்டர் தாக்குதலில் சரிகிறது. வேறொரு ஆட்டமாக இருந்தால் அங்கே ஒரு கட்சீன் ஓடியிருக்கும். இங்கே தளம் சாய்ந்துகொண்டிருக்கும்போதே நாம் சுட்டுக்கொண்டிருக்கிறோம், மேசை நாற்காலிகளும் எதிரிகளும் நம்மோடு சரிகிறார்கள். ரயில் அத்தியாயம் இதைவிடக் கடினமான வேலை. நின்ற இடத்திலேயே நிற்கும் ரயிலுக்குப் பின்னால் காட்சியை ஓடவிட்டு ஏமாற்றுவதே எளிய வழி. நாட்டி டாக் அப்படிச் செய்யாமல், நீண்ட பாதையில் உண்மையாகவே நகரும் ரயிலைக் கட்டி, அதன்மேல் பாத்திரங்கள் நடக்கவும் தொங்கவும் மறைந்து சுடவும் தேவையான அமைப்பையே புதிதாக எழுதினார்கள். தண்டவாளம் வளையும்போது முன்பெட்டியில் நிற்பவன் பக்கவாட்டில் தெரிகிறான், அதுவரை மறைவாக இருந்த இடம் மறைவாக இல்லாமல் போகிறது. இந்த மாற்றத்தைக் கவனித்து இடம் மாறுவது நம் வேலையாகிறது. பிரமாண்டமே ஆட்டத்தின் விதியாகிவிடும் இடம் இது.

அதைத் தொடர்ந்து வரும் திபெத்தியக் கிராமத்தை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன். துப்பாக்கி இல்லை, ஓட்டமும் இல்லை, நம்மோடு வரும் கிராமத்தவன் டென்சின் பேசும் மொழிக்கு வசன வரிகளும் இல்லை. இதுவரை எதிரியைக் குத்தப் பயன்பட்ட அதே பொத்தானை ஊர்க்காரர் ஒருவர் அருகில் அழுத்தினால், நாயகன் டிரேக் கைகுலுக்குகிறான். பல மணி நேரம் சண்டைக்குப் பழகிய விரலுக்கு வேறொரு பொருளைக் கற்றுத்தரும் இந்தச் சிறு முடிவை, இந்த வரிசையின் மிக நுட்பமான வடிவமைப்பு என்று தயங்காமல் சொல்வேன்.

2011இன் 'டிரேக்ஸ் டிசெப்ஷன்' காட்சிகளில் முன்னேறி வடிவமைப்பில் பின்வாங்கியது. கவிழும் கப்பல், எரியும் மாளிகை, பாலைவனத்தின் மீது பிளந்து விழும் சரக்கு விமானம் எல்லாம் அசாத்தியமான உழைப்பு. ஆனால் ஓடும் காட்சிகளில், வடிவமைப்பாளர் மனத்தில் வரைந்த பாதையிலிருந்து சற்று விலகினாலும் செத்து, மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்குகிறோம். இரண்டாம் முறை ஓடும்போது ஆபத்து என்ற உணர்வு கலைந்து ஒத்திகை என்ற உணர்வே எஞ்சுகிறது. பாலைவனத்தில் தண்ணீரின்றி அலையும் பகுதி மட்டும் விதிவிலக்கு. நடப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத இயலாமையே அங்கே கதை.

முதல் மூன்று பாகங்களுக்கும் கதையெழுதி ஆதாரமாக நின்ற ஏமி ஹென்னிக் 2014இல் நிறுவனத்தை விட்டு விலகியபின், 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ஆட்டத்தை இயக்கிய புரூஸ் ஸ்ட்ரேலியும் நீல் டிரக்மனும் நான்காம் பாகத்தை 2016இல் முடித்தார்கள். இதில் எதிரிகள் நம்மைத் தவறவிடுகிறார்கள். புல்லில் மறைந்து நழுவினால், கடைசியாகக் கண்ட இடத்தைத் தேடுகிறார்கள். மடகாஸ்கரின் ஜீப் பயணத்தில் சேற்றில் சக்கரம் வழுக்குகிறது, பாறை கண்ட இடத்தில் பிடிப்புக் கிடைக்கிறது. ஏற முடியாத மேட்டில் ஜீப்பை இழுக்கும் வின்ச் கம்பியை இழுத்துச் சென்று மரத்தைச் சுற்றி நடந்து நாமே மாட்ட வேண்டும். டிரேக்கின் நண்பர் சல்லியும் அண்ணன் சாமும் பேசிக்கொண்டிருக்கையில் நாம் பாதியில் இறங்கி ஓர் இடிபாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்கிறது. கதையைக் கெடுக்காமல் ஆடுபவர் வழிதவறலாம் என்ற அனுமதி இந்த வரிசையில் இங்குதான் முழுமையாகக் கிடைக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கும் 'தி லாஸ்ட் லெகஸி' அந்த அனுமதியை ஒரு பெரிய வெளியாகவே விரித்தது. இதன் நாயகி குளோயி கையில் வைத்திருக்கும் காகித வரைபடத்தைப் பார்த்து, எந்தக் கோட்டைக்கு முதலில் போவது என்று நாமே முடிவு செய்கிறோம். ஹொய்சளக் கோயில்களின் உண்மையான அழகு மாக்கல்லில் இழைத்த நுண்செதுக்கலிலும் நட்சத்திர வடிவ அடித்தளத்திலும் இருக்க, ஆட்டம் ஹொய்சளர்களை மலையளவு சிலைகள் எழுப்பியவர்களாகக் காட்டுவது எனக்கு உறுத்தியது. பேலூர்க் கோயிலின் மதனிகை எனப்படும் பெண் சிற்பங்களின் அளவுக்குக் கண்ணை நெருக்கமாகக் கொண்டுபோகும் ஒரு புதிரேனும் இருந்திருக்கலாம். ஆனால் விநாயகரின் தந்தம் உடைந்த கதையை, தந்தை தந்த மழுவின் வீச்சைப் பிள்ளை தடுக்காமல் ஏற்றதாகக் குளோயி சொல்வது அவளுடைய தந்தையின் கதையோடு இயல்பாகப் பொருந்துகிறது. இறுதியில் மீண்டும் ஒரு ரயில் வருகிறது. இம்முறை ரயிலிலிருந்து ஜீப்புக்கும் ஜீப்பிலிருந்து ரயிலுக்கும் தாவிக்கொண்டே இருக்கிறோம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. புளூபாயின்ட் நிறுவனம் முதல் மூன்று பாகங்களையும் பிளேஸ்டேஷன் 4க்காக 2015இல் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் மெருகேற்றித் தந்த தொகுப்பில் சண்டை எளிதான 'எக்ஸ்புளோரர்' நிலை உண்டு. முதல் பாகத்தை அந்த நிலையில் விரைவாகக் கடந்து, இரண்டாம் பாகத்தை நிதானமாக ஆடுங்கள்.